மல்லிகை இலை மஞ்சளானால் முதலில் எதை வாங்குவது?

கேள்வி: திருச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு தொட்டிகளில் குண்டுமல்லி வளர்க்கிறேன். சித்திரை தொடங்கியதிலிருந்து இலைகள் மஞ்சளாகின்றன. இரண்டு தொட்டிகளில் இலைகள் தூசி படிந்தாற்போல் வெளிறியும் கிடக்கின்றன. உர மருந்துக் கடையில் சொன்னபடி யூரியா, இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து, பெயர் மட்டும் அச்சிட்ட ஒரு ‘வளர்ச்சி ஊக்கி’ ஆகிய மூன்றையும் வாங்கிப் பயன்படுத்தினேன். பலன் இல்லை. இப்போது நுண்ணூட்டக் கலவை ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? ஏற்கெனவே செலவழித்த பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா? படங்களை இணைத்துள்ளேன்.

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். செடியில் எந்த இலை மஞ்சளாகிறது என்று கடையில் உங்களைக் கேட்டதாகத் தெரியவில்லை. அதைக் கேட்காமல் எடுத்துத் தரப்படும் எந்தப் புட்டியும் குத்துமதிப்பாகத் தரப்படுவதுதான். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தால், உங்கள் மாடியில் இருப்பது ஒரு நோய் அன்று. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள்.

முதல் படத்தில் கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாகியிருக்கின்றன. ஆனால் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல் தெளிவாக நிற்கின்றன. அடியில் உள்ள முற்றிய இலைகள் நல்ல பச்சையாகவே உள்ளன. இது இரும்புச்சத்துக் குறைபாட்டின் அடையாளம். தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால், செடி முதிர்ந்த இலைகளிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகவே அடியிலைகள் முதலில் பழுக்கும். இரும்பு அவ்வாறு எளிதில் இடம் மாறாது என்பதால் கொழுந்துதான் முதலில் வெளிறும். இந்த வேறுபாட்டை நின்று பார்த்திருந்தால், தழைச்சத்து மட்டும் தரும் யூரியாவை வாங்கும் செலவு மிஞ்சியிருக்கும்.

மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பெரும்பாலும் இரும்பு இருக்கும்; மண் காரத்தன்மை அடைந்திருப்பதால் வேரால் அதை உறிஞ்ச முடியாது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றுவதும், கட்டட வேலையில் மிஞ்சிய காரை கலந்த மண்ணைத் தொட்டியில் நிரப்புவதும், நீர் வடியாமல் வேர்ப்பகுதி எப்போதும் ஈரமாகக் கிடப்பதும் வழக்கமான காரணங்கள். உங்கள் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பு, படத்திலேயே தெரிகிறது. மருந்து தேடுவதற்கு முன் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

இதற்கு வாங்க வேண்டியது அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். கடையில் கிடைப்பவற்றில் மிக மலிவான பொருள்களுள் அதுவும் ஒன்று. அதனால்தானோ என்னவோ, யாரும் அதைத் தாமாக எடுத்துக் காட்டுவதில்லை. ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இருபுறமும் நனையும்படி தெளிக்க வேண்டும். கொழுந்து பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை இவ்வாறு செய்யலாம். வாங்கும்போது பொட்டலத்தைத் திருப்பி நிறத்தைப் பாருங்கள். நல்ல அன்னபேதி வெளிர்பச்சைப் படிகமாக இருக்கும். காற்றும் ஈரமும் பட்டுப் பழுப்பேறித் துரு நிறம் வந்துவிட்டால் செடிக்கு அதனால் அதிகப் பயன் இல்லை. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அதில் குறைந்தது 19 சதவீதம் இரும்பு இருக்க வேண்டும். அந்த அளவு அச்சிடப்படாத பொட்டலத்தைத் தவிர்த்துவிடுங்கள். கரைசல் தரையிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை பிடித்துக்கொள்ளும் என்பதால், தொட்டியைச் சற்று நகர்த்தி வைத்துத் தெளிப்பது நல்லது.

மண்ணில் இடுவதற்குக் ‘கீலேட்’ செய்யப்பட்ட, அதாவது வேர் உறிஞ்சும் நிலையிலேயே இருக்கும்படி வேறொரு சேர்மத்தோடு பிணைக்கப்பட்ட இரும்பு வேண்டும் என்று சொல்லி விலை கூடிய பொட்டலத்தைத் தருவார்கள். அதிலும் இருவகை உண்டு. இ.டி.டி.ஏ. (EDTA) வகை, காரத்தன்மை மிகுந்த மண்ணில் நிலைத்து நிற்காது. உங்கள் தொட்டிக்கு அதை வாங்கி மண்ணில் கொட்டுவது வீண். இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைதான் காரமண்ணிலும் வேலை செய்யும். இரண்டின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பதால், உறையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தே பணம் கொடுங்கள். கடைக்காரர் இப்போது சொல்லும் நுண்ணூட்டக் கலவையிலும் இரும்பு இருக்கும். ஆனால் துத்தநாகம், போரான், மாங்கனீசு என்று உங்கள் செடி கேட்காத பலவற்றுக்கும் சேர்த்து விலை கொடுக்க நேரிடும்.

இரண்டாவது படத்தில் இருக்கும் கோளாறு வேறு. இலையின் மேற்புறத்தில் ஊசி முனையால் குத்தியதுபோல் நுண்ணிய வெளிர்ப்புள்ளிகள் நெருக்கமாகத் தெரிகின்றன. ஓர் இலையைப் பறித்துத் திருப்பி, வெள்ளைத் தாளின் மீது தட்டிப் பாருங்கள். விழுந்த தூசியில் சில புள்ளிகள் மெல்ல நகர்ந்தால், விரலால் நசுக்கும்போது செம்பழுப்புக் கோடு விழுந்தால், அது செஞ்சிலந்திப் பேன். இலைக்கடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் ஐயமே வேண்டாம். கோடை வெயிலும் வறண்ட காற்றும் சேர்ந்தால் இது மிக வேகமாகப் பெருகும்.

இந்தப் பேன் பூச்சி இனமன்று. எட்டுக் கால் கொண்ட சிலந்தி இனத்தைச் சேர்ந்தது. நீங்கள் வாங்கிய இமிடாகுளோப்ரிட், அசுவினி, வெள்ளை ஈ போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு உரியது. சிலந்திப் பேனை அது கட்டுப்படுத்தாது. அதைத் தெளித்த பிறகு சிலந்திப் பேன் கூடுதலாகப் பெருகுவதும் பல செடிகளில் கண்டறியப்பட்ட ஒன்றே. புட்டியோடு வரும் துண்டுப் பிரசுரத்தில் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு என்று பட்டியல் இருக்கும்; அதில் சிலந்திப் பேன் என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

முதலில் பணச் செலவில்லாத வழியைச் செய்து பாருங்கள். மிக மோசமான இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டு, குழாய் நீரை இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சி, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை கழுவுங்கள். தொட்டிச் செடிக்குப் பல நேரங்களில் இதுவே போதும். குறையாவிட்டால் நனையும் கந்தகத்தை (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம். கடும் வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். ஆகவே வெப்பம் தணிந்த நாளாகப் பார்த்து, மாலையில், முதலில் ஒரே ஒரு கிளையில் தெளித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்குத் தெளியுங்கள். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விட வேண்டும்.

பணத்தைப் பற்றி. யூரியாவும் பூச்சிமருந்தும் தம்மளவில் பழுதான பொருள்கள் அல்ல. தவறான நோய்க்கு வாங்கப்பட்டவை. அவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைப்பது கடினம் என்றே எனக்குப் படுகிறது. பிரிக்காத பொட்டலம் இருந்தால் கடையில் மாற்றித் தரும்படி கேட்டுப் பாருங்கள்.

வளர்ச்சி ஊக்கி அப்படியன்று. உயிரூக்கி எனப்படும் இவ்வகைப் பொருள்கள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வந்துவிட்டன. தயாரிப்பாளர் முகவரியோ, உள்ளடக்கமோ, தயாரிப்புத் தேதியோ இல்லாமல் பெயரை மட்டும் ஒட்டி விற்பது முறையன்று. புட்டியை எறிந்துவிடாமல் வைத்துக்கொண்டு, உங்கள் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். ரசீது தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறைகள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனாலும் ஒரு புட்டிக்காக அவ்வளவு தூரம் போவதைவிட, உதவி எண்ணில் முடித்துக்கொள்வதே உங்களுக்கு வசதி.

கேள்வி: நாற்றங்காலில் வாங்கிய மல்லிகைப் பதியன் வளராமல் வெளுத்தே இருந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறுசிறு முடிச்சுகள் உள்ளன. விற்றவர் ‘நீங்கள் நீர் ஊற்றியது சரியில்லை’ என்கிறார்.

பதில்: அது வேர்முடிச்சு நூற்புழுவாக, அதாவது மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவாக இருக்கலாம். நீர் ஊற்றுவதில் நேரும் தவறு வேரில் முடிச்சு போடாது. வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தால், நோய் நாற்றங்கால் மண்ணிலிருந்தே வந்திருக்க வாய்ப்பு அதிகம். ரசீதோடு வேரைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மாதிரியைக் காட்டி எழுத்தில் கருத்துப் பெறுங்கள். அந்தத் தாளைக் கண்டபின் பெரும்பாலும் விற்றவரே மாற்றுச் செடி தர முன்வருவார். அந்தத் தொட்டி மண்ணை வேறு செடிக்குப் பயன்படுத்த வேண்டாம். அடுத்த முறை பதியன் வாங்கும்போது பையை நீக்கி வேரைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள்.