1860இல் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். வாரியர் இன்றும் எப்படி மிதக்கிறது? உடைத்து விற்கவில்லையா?

உடைக்கத்தான் பார்த்தார்கள். 1925இல் விற்பனைக்கு விட்டபோது வாங்க ஆள் இல்லை. அதனால்தான் பிழைத்தது.

லண்டன் பிளாக்வாலில் 1860 டிசம்பர் 29 அன்று நீரில் இறக்கியபோது கடுங்குளிர். உறைபனி பிடித்துக்கொண்டதில் கப்பல் சறுக்குத்தளத்தைவிட்டு எளிதில் நகரவில்லை. உடல் முழுக்க இரும்பு. நடுப்பகுதியில் நாலரை அங்குல இரும்புக் கவசம், அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. நீராவி எஞ்சின் இருந்தாலும் மூன்று பாய்மரமும் உண்டு. காற்றில் போகும்போது புரொபெல்லர் தண்ணீரை இழுத்துத் தடுக்கும் என்று, அதையே மேலே தூக்கிவிடுவார்கள். அதற்கு மட்டும் சுமார் 600 பேர் கயிறு இழுக்க வேண்டும்! புகைபோக்கிகளையும் மடக்கிக் கீழே இறக்கலாம்.

இவ்வளவு செய்தும், ஒரு போரில்கூடச் சுடவில்லை. பத்தே ஆண்டுகளில் தொழில்நுட்பம் அதை முந்திவிட்டது.

சரி, அப்புறம்? 1904 முதல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் இருந்த கடற்படையின் டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) பயிற்சிப் பள்ளிக்கு மின்சாரமும் நீராவியும் தரும் கப்பலானது. 1929இல் வேல்ஸின் பெம்புரோக் டாக்கில் எண்ணெய் நிரப்பும் மிதவைத் துறையாக நிறுத்தி, மேல்தளத்தில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். 1942இல் பெயரையும் புது விமானந்தாங்கிக் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு, இதற்கு வெறும் 'சி77' என்று எண் போட்டார்கள். எனக்கு இதுதான் பெரிய அவமானமாகப் படுகிறது.

அந்த வேலையில் ஐம்பது ஆண்டு. 1979இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலுக்கு இழுத்துச் சென்று புதுப்பித்தார்கள். 1987 ஜூன் முதல் போர்ட்ஸ்மவுத்தில் அருங்காட்சியகமாக நிற்கிறது. நேரில் ஏறிப் பார்க்கலாம்.