கூட வேலை செய்பவர்களின் திறமையை எப்படிப் பாராட்டுவது?

"எல்லோரிடமும் சூப்பர், கலக்கிட்டீங்க என்று சொல்கிறேன், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். எதைப் பார்த்து அசந்தீர்களோ அதைச் சொல்லுங்கள். முடிந்தால் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டுவிடுங்கள், எனக்குத் தெரிந்து அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனிப்பவனாக இருந்தபோது, தைத்த பீஸ்களைச் சரிபார்க்கும் செக்கிங்கில் ஒரு அக்கா இருந்தார். நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர், துணி இரண்டு லாட்டாகச் சாயம் போட்டு வந்திருந்தது. உடம்பு ஒரு லாட், கை இன்னொரு லாட் என்று தையலில் கலந்துவிட்டது, டியூப்லைட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு பீஸை வாசலுக்கு எடுத்துப் போய், "கை மட்டும் செவப்படிக்குதுங்க" என்றார். சாயக் கலவை மாறினால் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும், பல வித விளக்குகள் உள்ள லைட் பாக்ஸ் வைத்துப் பார்ப்பதே அதற்காகத்தான். அவர் அதை வெறும் கண்ணால் பிடித்தார்.

அன்று ஒரு தேங்க்ஸ் சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். மனது கேட்கவில்லை, மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து "எப்படிங்க்கா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். இரண்டு துணியையும் ஒரே வாட்டத்தில் வைக்க வேண்டும், ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் ஏமாந்துவிடும், நடுவில் வேறு எங்காவது பார்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். "11 வருசமா பாக்கறனுங்க, இதை யாரும் கேட்டதில்லைங்க" என்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம், அவரிடம் சொன்னதோடு நிறுத்தக் கூடாது, அவருக்கு வழி திறக்கக் கூடியவர் காதிலும் போட வேண்டும். ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் கணிதம் படித்தவர். கூட உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததோடு, துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடமும் எடுத்துச் சொன்னார். அடுத்த வருடமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. எல்லோரும் அவரை இங்கிலாந்துக்கு அழைத்த கணித அறிஞர் ஹார்டியைச் சொல்கிறோம், எனக்கு நாராயண ஐயரைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

நானும் மேனேஜரிடம் போய், அக்கா பெயரைச் சொல்லி, எத்தனை பீஸ் பார்சலுக்குப் போகாமல் தப்பியது என்பதையும் சொன்னேன். அவருக்கு என்ன வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். அக்கா தன் மேஜையை ஜன்னலோரம் போடச் சொன்னார். அன்று சாயங்காலமே போட்டோம், அந்த மாதச் சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றினார்கள்.