வந்தவர்களால்தான் வீடு இல்லையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பதினெட்டு ஆண்டுகளாகக் கிழக்கு லண்டனில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். வேலையிடத்தில் என்னோடு நன்றாகப் பழகும் ஓர் ஆங்கிலேயர், ‘உங்களைப் போன்றவர்கள் வந்து குவிந்ததால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை’ என்று சென்ற மாதம் சொன்னார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. அவர் சொன்னதில் உண்மை உண்டா?
– ஈஸ்ட்ஹாம் வாசகர்

பதில்: கொஞ்சம் உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைப் பேசுவது எளிது. தலைகள் கூடினால் கூரைகளும் கூட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு முடிந்த பன்னிரண்டு மாதங்களில் பிரிட்டனுக்கு வந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்தால் 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிஞ்சினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் புதிதாகச் சேர்ந்த வீடுகள் 2 லட்சத்து 34 ஆயிரம் அளவில்தான் இருந்தன. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவருக்கும் உங்கள் நண்பருக்குத் தோன்றியதே தோன்றும்.

ஆனால் வாங்கும் விலை வேறு, வாடகை வேறு. இந்த விவாதத்தில் பெரும்பாலோர் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இங்கிலாந்தில் 1997-இல் ஒரு வீட்டின் விலை ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளத்தைப்போல மூன்றரை மடங்கு இருந்தது. 2021-இல் அது 9 மடங்கைத் தாண்டியது. அதற்குப் பின் வந்த மூன்று ஆண்டுகளில்தான் குடியேற்றம் வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. விலையும் அதோடு சேர்ந்து ஏறியிருக்க வேண்டுமல்லவா? மாறாக, அந்த விகிதம் 2024-இல் 7.7 ஆக இறங்கியது. காரணம், 2021 இறுதிவரை 0.1 சதவீதமாக இருந்த பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதத்துக்கு உயர்ந்ததும், சம்பளங்கள் ஓரளவு ஏறியதும்தான். வீடு வாங்குபவர் எவ்வளவு கடன் பெற முடியும் என்பது விலையைத் தீர்மானிக்கும் அளவுக்கு, விமான நிலையத்தில் எத்தனை பேர் வந்திறங்கினார்கள் என்பது தீர்மானிப்பதில்லை. பிரிட்டிஷ் அரசே 2018-இல் வெளியிட்ட ஒரு கணிப்பு, 1991 முதல் 2016 வரையிலான கால் நூற்றாண்டில் குடியேற்றம் வீட்டு விலையை ஏறத்தாழ 20 சதவீதம் உயர்த்தியதாகச் சொல்கிறது. அது சிறிய எண் அன்று. ஆனால் அதே காலத்தில் விலை பல மடங்கு உயர்ந்ததை நினைத்தால், அது கதையின் ஒரு பகுதி மட்டுமே.

வாடகையின் கதை வேறு. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் வந்தவுடன் வீடு வாங்குவதில்லை. மாணவரும், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்தவரும் முதலில் தேடுவது ஒரு வாடகை அறையைத்தான். 2024-இன் தொடக்கத்தில் வாடகைகள் ஆண்டுக்கு 9 சதவீத வேகத்தில் ஏறியதில் இந்த நெருக்கடிக்குப் பங்கு உண்டென்றே நான் கருதுகிறேன். வட்டிச் சுமையை வாடகைதாரர் தலையில் இறக்கிய வீட்டுக்காரர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அந்த ஏற்றம் முதலில் தாக்கியது யாரை என்று உங்கள் நண்பரிடம் நீங்கள் கேட்கலாம். ஒரே வீட்டில் அறைக்கு ஒரு குடும்பமாகப் பகிர்ந்து வாழ்ந்தவர்களில் பலர் புதிதாக வந்தவர்களே.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். ஃபிலிபா சா என்ற பொருளியலாளர் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, குடியேறியவர்கள் அதிகமாகச் சேர்ந்த பிரிட்டிஷ் வட்டாரங்களில் வீட்டு விலை மற்ற இடங்களோடு ஒப்பிடுகையில் குறைந்தது. வசதியுள்ள பழைய குடிகள் வேறிடம் பார்த்துப் போனதே அதற்கு அவர் காட்டிய காரணம். ஆகவே தெருவளவில் பார்த்தால் ஒரு விடையும் நாட்டளவில் பார்த்தால் வேறு விடையும் வரும்.

கேள்வி: எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் ‘லட்சக்கணக்கில் வீடு கட்டுவோம்’ என்கிறது. ஏன் கட்ட முடியவில்லை? பணமா, நிலமா, ஆளா?
– குரோய்டன் வாசகி

பதில்: அனுமதி. நிலமும் பணமும் ஆளும் அதற்குப் பிறகு வருபவை.

பிரிட்டன் கட்டத் தெரியாத நாடு அன்று. ஆண்டுக்கு 3 லட்சம் வீடுகள் என்று வாக்களித்த கன்சர்வேட்டிவ் அரசு, ஹரோல்ட் மக்மில்லன் வீட்டுவசதி அமைச்சராக இருந்த 1953-இல் அந்த இலக்கை எட்டியது. 1968-இல் நாடு முழுவதும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளில் கட்டியவர்களில் பெரும்பங்கு வகித்தவை கவுன்சில்கள் எனப்படும் உள்ளாட்சி மன்றங்கள். 1980-இல் மார்கரெட் தாட்சரின் அரசு, கவுன்சில் வீட்டில் குடியிருப்போர் அதைத் தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையைச் சட்டமாக்கியது. வாங்கிய குடும்பங்களுக்கு அது பெரும் வரம். ஆனால் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் அப்படிக் கைமாறின. விற்று வந்த பணத்தைக் கொண்டு கவுன்சில்கள் புதிதாகக் கட்டுவதற்கு அரசே கட்டுப்பாடு விதித்தது. கவுன்சில்கள் விட்ட இடத்தைத் தனியார் நிரப்புவார்கள் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவர்கள் இன்றுவரை நிரப்பவில்லை.

ஏன் நிரப்பவில்லை என்பதற்கான விடை 1947-ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டம் நிலத்தின் உடைமையை உரிமையாளரிடமே விட்டுவிட்டு, அதில் கட்டும் உரிமையை மட்டும் அரசின் கைக்கு மாற்றியது. அன்று முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியே அனுமதி கேட்க வேண்டும்; வட்டாரத் திட்டத்துக்கு முழுவதும் பொருந்திய விண்ணப்பத்தைக்கூடக் கவுன்சிலர்கள் கூடி நிராகரிக்கலாம். ஜப்பானில் இதற்கு நேர்மாறான முறை: எந்த வகை மண்டலத்தில் என்ன கட்டலாம் என்று தேசியச் சட்டம் வரையறுத்துவிடுகிறது. விதிக்குள் அடங்கினால் கட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரரின் மனநிலை அங்கே செல்லுபடியாகாது.

இதோடு, நகரங்களைச் சுற்றிக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் பசுமை வளையமும் சேர்ந்துகொண்டது. நகரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் தடுக்க 1955 முதல் விரிவாக வகுக்கப்பட்ட இந்த வளையம், இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் எட்டில் ஒரு பங்கு. பெயரைக் கேட்டதும் காடும் புல்வெளியும் கண்ணுக்குள் வரும். நேரில் போய்ப் பார்த்தால், பொதுமக்கள் கால் வைக்க முடியாத தனியார் வயல்களும், ஆங்காங்கே கோல்ஃப் மைதானங்களும், மூடிக்கிடக்கும் பெட்ரோல் நிலையங்களும்கூட அதற்குள் அடக்கம். இப்போதைய தொழிற்கட்சி அரசு இத்தகைய இடங்களுக்குச் ‘சாம்பல் வளையம்’ என்று பெயர் சூட்டி 2024 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியிருக்கிறது. ஐந்தாண்டில் 15 லட்சம் வீடுகள் என்பது அதன் வாக்குறுதி. ஆண்டுக்கு 3 லட்சம் தேவைப்படும் இடத்தில், 2024-25-இல் இங்கிலாந்தில் சேர்ந்தவை 2 லட்சத்தைச் சற்றே தாண்டின.

அனுமதி கிடைத்த பிறகும் கட்டுமான நிறுவனங்கள் மெதுவாகவே கட்டுகின்றன. கன்சர்வேட்டிவ் எம்.பி.யாக இருந்த ஆலிவர் லெட்வின் 2018-இல் அரசுக்குத் தந்த அறிக்கை இதை விளக்கியது: பக்கத்தில் உள்ள வீடுகளின் விலை இறங்காத வேகத்தில்தான் அவர்கள் புதிய வீடுகளைச் சந்தைக்கு விடுகிறார்கள். வியாபாரியாக அவர்கள் செய்வது இயல்பே. விலையை இறக்கும் பொறுப்பை விலையால் வாழ்பவரிடம் ஒப்படைத்த அரசுகளைத்தான் நான் குறை சொல்வேன்.

இங்கே நம்மவர்களைப் பற்றியும் ஒரு சொல். தெருமுனையில் அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் வெளிச்சம் போகும், கார் நிறுத்த இடமிருக்காது என்று ஆட்சேபக் கடிதம் எழுதுபவர்களில், பத்து ஆண்டுகளுக்கு முன் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன. வாடகைதாரராக இருந்தபோது கேட்ட கேள்வி, பத்திரம் கைக்கு வந்ததும் மறந்துபோகிறது.

கேள்வி: கவுன்சில் வீடுகளை எல்லாம் அகதிகளுக்கே கொடுத்துவிடுகிறார்களாமே?
– லெஸ்டர் வாசகர்

பதில்: இல்லை. இங்கிலாந்தில் கவுன்சில்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குப் புதிதாக ஒதுக்கும் சமூக வீடுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர்களுக்கே போகின்றன. தஞ்சம் கோரி வந்தவர், விண்ணப்பம் முடிவாகும்வரை உள்துறை ஏற்பாடு செய்யும் ஹோட்டலிலோ பகிர்வு வீட்டிலோ தங்கலாமே தவிர, கவுன்சில் வரிசையில் சேர முடியாது. வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் இருப்பவர்களுக்குப் ‘பொது நிதி உதவி இல்லை’ என்ற நிபந்தனை இருப்பதால் அவர்களுக்கும் அந்தக் கதவு மூடியே இருக்கும். ஆனால் தஞ்சம் ஏற்கப்பட்டதும் அந்தத் தங்குமிடத்தைச் சில வாரங்களில் காலி செய்ய வேண்டும்; முன்பணமும் உத்தரவாதியும் இல்லாத அவர்களில் பலர் நேராகக் கவுன்சிலின் வீடற்றோர் பிரிவுக்குத்தான் வருகிறார்கள். இங்கிலாந்தில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் அதிகமான குடும்பங்கள் தற்காலிகத் தங்குமிடங்களில் காத்திருக்கும் வரிசையில் அவர்களும் சேர்கிறார்கள்.

கேள்வி: கனடா அரசு குடியேற்றத்தைக் குறைத்தது, உடனே வாடகை இறங்கியது. பிரிட்டனைப் பற்றி நீங்கள் எவ்வளவுதான் விளக்கினாலும், இதைவிடப் பெரிய நிரூபணம் வேண்டுமா?
– டொரண்டோ வாசகர்

பதில்: நல்ல கேள்வி, உங்கள் ஊர் உதாரணத்தை ஒதுக்கிவிட்டு இந்த விவாதத்தை யாரும் நடத்தக்கூடாது. 2023-இல் கனடாவின் மக்கள்தொகை ஒரே ஆண்டில் 3.2 சதவீதம் பெருகியது. பணக்கார நாடுகளில் இது மிக அரிதான வேகம். எவ்வளவு தாராளமாகக் கட்டும் நாடும் இதற்கு ஈடுகொடுத்திருக்காது. 2024 ஜனவரியில் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அக்டோபரில், 2025-க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை 5 லட்சத்திலிருந்து 3 லட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தார்கள். புதிய வாடகைகள் சரியத் தொடங்கியது உண்மை. முன் சொன்னபடி, குடியேற்றம் முதலில் வாடகையில்தான் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வாடகைக் குடியிருப்புகள் ஏராளமாகக் கட்டி முடிந்து சந்தைக்கு வந்ததும் அதே காலத்தில்தான். மேலும், வாடகை இறங்கியதாலேயே டொரண்டோவில் ஒரு சாதாரணச் சம்பளக்காரர் வீடு வாங்கிவிடும் நிலை வந்துவிட்டதா என்பதை என்னைவிட நீங்களே நன்றாகச் சொல்வீர்கள்.

இதற்கு மறுபக்கமாக அயர்லாந்தையும் பாருங்கள். 2006-இல் சுமார் 90 ஆயிரம் வீடுகள் கட்டிய அந்தச் சிறு நாட்டில், வங்கிகள் கடனை வாரி இறைத்ததால், அத்தனை கட்டியும் விலை ஏறிக்கொண்டே போனது. பிறகு எல்லாம் சரிந்து, 2013-இல் 5 ஆயிரத்துக்கும் குறைவான வீடுகளே கட்டப்பட்டன. கட்டுமானத் தொழிலாளர்கள் நாட்டைவிட்டே போனார்கள். இன்று அங்கே நிலவும் கடுமையான வீட்டுப் பஞ்சத்தின் வேர் அந்த வெற்று ஆண்டுகளில் இருக்கிறது. கதவைச் சாத்தும்போது செங்கல் அடுக்குபவரும் வெளியே நிற்க நேரிடும் என்பதைப் பிரிட்டனும் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டன் கட்டுமானத் தளங்களில் கண்டது.

கேள்வி: அப்படியானால் இதைச் சரியாகச் செய்த நாடு எது?
– நாகர்கோவில் வாசகி

பதில்: முழுமையாக எதுவும் இல்லை. வியன்னாவில் ஏறத்தாழ பாதிப்பேர் நகராட்சியின் வீடுகளிலோ லாபவரம்புள்ள சங்கங்களின் வீடுகளிலோ வாழ்கிறார்கள்; ஆனால் முதல் உலகப்போருக்குப் பின் தொடங்கிய நூறாண்டு உழைப்பு அது, ஒரு தேர்தல் வாக்குறுதியில் முளைத்ததன்று. சிங்கப்பூரில் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் அரசு கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். அங்கே நிலத்தை அரசு எளிதில் கையகப்படுத்த 1966-இன் சட்டம் வழிவிட்டது. வேலைக்கு வந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கோ அந்த வீடுகளை வாங்க உரிமையில்லை, வேறு வீடு வாங்க வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் 2023 முதல் 60 சதவீதக் கூடுதல் வரி கட்ட வேண்டும். டோக்கியோ கட்டிக்கொண்டே இருந்ததால் மக்கள் பெருகியும் வாடகை நெடுங்காலம் அடங்கியிருந்தது. பிரிட்டனுக்கு மிக நெருக்கமான பாடம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிடைக்கும் என்பது என் எண்ணம்: அதே ஆங்கிலேய மரபு, அதே தோட்டத்தோடு கூடிய தனிவீட்டு மோகம். இருந்தும் 2016-இல் நகரின் பெரும்பகுதியில் அடுக்கடுக்காகக் கட்ட அனுமதி தந்தார்கள். கட்டுமானம் வேகம் பிடித்தது.

கேள்வி: வேலை விசாவில் வந்திருக்கிறேன். உத்தரவாதி இல்லாததால் ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார்கள். இது சட்டப்படி சரியா?
– வெம்ப்ளி வாசகர்

பதில்: 2026 ஏப்ரல் முடியும்வரை சட்டம் அதைத் தடுக்கவில்லை. 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் புதிய வாடகை ஒப்பந்தங்களுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டி வாங்குவதைத் தடை செய்கிறது. காரணம் சொல்லாமல் வெளியேற்றும் முறையும் அதோடு ஒழிகிறது. பாதுகாப்புதான். ஆனால் இங்கே கடன் வரலாறோ உத்தரவாதியோ இல்லாத புதியவர், ஆறு மாதப் பணத்தைக் காட்டித்தான் அதுவரை வீட்டுக்காரரின் தயக்கத்தைப் போக்கி வந்தார். அந்த வழியும் இந்தச் சட்டத்தால் அடைபடுகிறது. குடிவர உரிமை உண்டா என்று வீட்டுக்காரரே சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2016 முதல் இங்கிலாந்து முழுவதும் இருப்பதால், வம்பெதற்கு என்று வெளிநாட்டுப் பெயரைப் பார்த்ததுமே மறுப்பவர்கள் உண்டு. ஆகவே உங்கள் குடிவரவு நிலையைக் காட்டும் ‘ஷேர் கோடு’, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை தரும் நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றை வீடு பார்க்கப் போகும் நாளிலேயே கையில் எடுத்துச் செல்லுங்கள்; நிறுவனமே உத்தரவாதியாக நிற்குமா என்றும் கேட்டுப் பாருங்கள், சில நிறுவனங்கள் சம்மதிக்கின்றன.