குட்டி நட்சத்திர மீன்களை ஒழிக்க இறால் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் 150 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் முன்பு ஜோவாந்திட் (பூப்போல விரிந்து கொத்தாக வளரும் பவள இன உயிர், சுருக்கமாக ஜோவா) துண்டு ஒன்று வாங்கி உள்ளே வைத்தேன். இப்போது கண்ணாடியிலும் பாறையிலும் மிளகளவு வெள்ளை நட்சத்திர மீன்கள். நேற்று இரவு எண்ணியபோது முப்பதுக்கு மேல் இருந்தன. ஜோவாவும் சில நாட்களாகச் சரியாக விரிவதில்லை. கடைக்காரர் ஹார்லெக்வின் இறால் ஜோடி வாங்கச் சொல்கிறார், 7,500 ரூபாய். நண்பரோ பாறையை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றினால் போதும் என்கிறார். எதைச் செய்வது? துண்டை விற்ற கடையில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?
- வாசகர், சென்னை

பதில்: முதலில் அந்தக் கொதிநீர். தயவுசெய்து வேண்டாம். ஜோவாந்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கிறது. மிகக் கொடிய இயற்கை நஞ்சுகளில் ஒன்று அது. சூட்டில் அழியாது, ஆவியோடு சேர்ந்து அறைக்குள் பரவி, பக்கத்தில் இருக்கும் குழந்தைகளையும் படுக்க வைத்துவிடும். அமெரிக்காவின் அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரை, ஜோவாந்திட் இருந்த கடைகளிலும் வீடுகளிலும் இந்த நஞ்சைச் சுவாசித்ததாகக் கருதப்பட்டவர்களைப் பற்றி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் அறிக்கையே வெளியிட்டது. காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், வாயில் கசப்பு என்று பட்டிருக்கிறார்கள். எனவே அந்தப் பாறையைச் சுட வைப்பதோ, பிரஷ் போட்டுத் தேய்ப்பதோ, வெளியே காய விடுவதோ கூடாது. ஜோவாவைத் தொடும்போதெல்லாம் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போடுங்கள். உங்கள் நண்பருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, நட்சத்திர மீனுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அடையாளம் ஆஸ்டெரினா என்று பொதுவாக அழைக்கப்படும் வகையோடு பொருந்துகிறது. கைகள் குட்டையாக, ஒரே நீளமில்லாமல் இருக்கும். சிலவற்றுக்கு ஆறு, சிலவற்றுக்கு மூன்றுதான். உடலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பாதியும் மறுபடி வளர்வதால் வரும் கோணல் அது. ஜோடி தேவையில்லை என்பதால் ஒன்று வந்தாலே பெருகிவிடும். இதுவே சாட்டை போன்ற மெல்லிய நீளக் கைகளோடு பாறை இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தால், அது பிரிட்டில் ஸ்டார். அந்தக் குட்டி வகை கழிவைத் தின்று உங்களுக்கு வேலை மிச்சம் செய்யும். அதைத் தொட வேண்டாம்.

ஆஸ்டெரினாவும் பெரும்பாலும் கண்ணாடிப் படலத்தையும் பாசியையும் மேய்வதுதான். சில வகைகள் பாறையிலுள்ள ஊதா நிறச் சுண்ணாம்புப் பாசியை வெள்ளைத் திட்டாகச் சுரண்டும். ஜோவாவைத் தின்றதாகச் சொல்பவர்களும் உண்டு. உங்கள் தொட்டியில் எது நடக்கிறது என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று நான்கு இரவுகள் அதே ஜோவாமேல் அதே இடத்தில் நட்சத்திரம் குந்தியிருந்து, காலையில் அங்கே திசு குறைந்திருந்தால் குற்றவாளி அதுதான். வெறுமனே ஏறி இறங்கினால் காரணம் வேறு. ஜோவா நிறத்திலேயே ஒளிந்திருக்கும் ஓடில்லாத நத்தை, சுருள் கோடு போட்ட சன்டயல் நத்தை இரண்டும் ஜோவாவையே தின்பவை. உப்புச் செறிவையும் வெப்பத்தையும் அளந்து பாருங்கள். விரியாத ஜோவாவுக்குப் பாதி நேரம் தண்ணீர்தான் காரணம்.

இறாலைப் பற்றி. கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ஹார்லெக்வின் இறால் நட்சத்திர மீன்களைத்தான் தின்னும். சிக்கலே அந்த "தான்"இல் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு ஜோடி வாங்கினேன். சில வாரங்களில் தொட்டி சுத்தமானது. அதன்பின் அவற்றுக்கு என்ன போடுவது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. உணவுக்கென்றே வேறு நட்சத்திர மீன்களைத் தொடர்ந்து வாங்க வேண்டும். கிடைக்காத மாதத்தில் அந்த அழகான பிராணிகள் பட்டினி கிடந்து செத்தன. இன்றும் மனம் கேட்பதில்லை. முப்பது நட்சத்திரத்துக்காக இதை வாங்காதீர்கள். நீங்கள் ஆசையாக வளர்க்கும் பெரிய நட்சத்திரம் இருந்தால் அதையும் தின்றுவிடும். எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போய், ஜோவா தின்னப்படுவதும் உறுதியானால், இதே இறாலை வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மாதம் இரவல் கேளுங்கள்.

இப்போதைக்கு ஓர் இடுக்கியும், தண்ணீரோடு உறிஞ்சி எடுக்கும் சின்ன சைஃபன் குழாயும் போதும். இரவில் கண்ணாடிக்கு வந்தவற்றைத் தினமும் பொறுக்குங்கள். தொட்டிக்குள் வைத்து நசுக்கவோ வெட்டவோ கூடாது, துண்டு மறுபடி வளரலாம். மீனுக்குப் போடும் தீனியையும் குறைத்துப் பாருங்கள். மிஞ்சும் தீனியில்தான் பாசி, பாசியில்தான் இவை. தாமிரம் கலந்த மருந்தை ஊற்றி ஒழிக்க நினைக்காதீர்கள். அது நத்தை, இறால், பவளம் எல்லாவற்றையும் சேர்த்தே கொல்லும்.

பணம் திரும்பக் கேட்பதற்கு வாய்ப்பு குறைவு. கடலுயிரோடு சில்லறை உயிர்கள் ஒட்டி வருவது இயல்பு, ஆறு மாதமும் ஆகிவிட்டது. ஆனால் விளம்பரத்திலோ பில்லிலோ "தனிமைப்படுத்திச் சோதித்தது" என்று எழுதி விற்றிருந்தால் கதை வேறு. பொய்யான வாக்குறுதி தந்து விற்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லைக் காட்டிக் கடையில் பேசுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லே தராத கடையென்றால் வாதாடுவது கடினம்.

அடுத்த முறை வாங்கும்போது, துண்டு ஒட்டியிருக்கும் அடிக்கட்டையோடு தொட்டியில் வைக்காதீர்கள். ஒளிந்து வருவதெல்லாம் அதன் அடியில்தான். கையுறை போட்டுக் கட்டையிலிருந்து பிரித்துப் புதிதில் ஒட்டி, சில வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். பவள மருந்தில் முக்கினால் சில உதிரும், எல்லாம் உதிராது. இறாலுக்கு எடுத்து வைத்த பணத்தில் சின்னத் தொட்டி, ஹீட்டர், ஃபில்டர் மூன்றையும் வாங்கிவிடலாம். பாறை வேண்டுமென்றால் உயிரில்லாத செயற்கைப் பாறையாகப் பாருங்கள். யாராவது "ராமேஸ்வரத்துப் பவளப் பாறை, மலிவாகத் தருகிறேன்" என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, செத்த பவளமாக இருந்தாலும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்.