வாசகர் கேள்வி – பதில்: ஊதும்போது மூக்கில் காற்று கசிந்தால்

கேள்வி: டிரம்பெட் வாசிக்கிறேன். முக்கால் மணி நேரம் தாண்டியதும் மூக்குக்குள் குறட்டை போல ஒரு சத்தம் வருகிறது. அதற்குப் பிறகு மேல் ஸ்தாயியில் ஸ்வரம் நிற்பதில்லை. சளியோ அலர்ஜியோ இல்லை.

பதில்: கோளாறு மூக்கில் இல்லை. உள்நாக்கு தொங்குகிற மென்அண்ணம் களைத்துப்போகிறது. மெல்லின எழுத்துகள் மூக்கில் பிறக்கின்றன என்று இலக்கணத்தில் படித்திருப்பீர்கள். 'ம', 'ந' சொல்லும்போது மென்அண்ணம் இறங்கி மூக்குக்கு வழி விடும். 'ப', 'க' சொல்லும்போது மேலெழும்பி, தொண்டையின் பின்சுவரோடு ஒட்டி அந்த வழியை அடைக்கும். ஊதும்போதும் இதே அடைப்புதான் தேவை. ஆனால் பேச்சில் வாய்க்குள் உள்ள அழுத்தம் சுமார் 5 முதல் 10 செ.மீ. உயர நீரைத் தாங்கும் அளவுதான், டிரம்பெட்டில் மேல் ஸ்வரத்தை உரக்கப் பிடித்தால் 100 செ.மீ.யைத் தாண்டும். தசை தளர்ந்ததும் அடைப்பு விலகிக் காற்று கசிகிறது.

நீண்ட ஸ்வரம் ஒன்றைப் பிடித்தபடி மூக்கின் கீழே சிறு கைக்கண்ணாடியை வேறொருவரை வைக்கச் சொல்லுங்கள். பனி படர்ந்தால் கசிவு உறுதி. மூக்கில் கிளிப் போட்டுச் சமாளிக்காதீர்கள்: அண்ணம் திறந்தபடியேதான் இருக்கும், அழுத்தம் நடுக்காதுக்குச் செல்லும் குழாயையும் தாக்கும்.

இரண்டு வாரம் மேல் ஸ்தாயியை விட்டுவிடுங்கள். நடு ஸ்தாயியில் மிதமான ஒலியில் 10 நிமிடம் ஊதி, அதே அளவு ஓய்வெடுங்கள். சத்தம் எட்டிப் பார்த்த நொடியில் நிறுத்துங்கள். 'இன்னும் ஒரே ஒரு வரி' என்று இழுப்பதுதான் இந்தக் கோளாறை வளர்க்கிறது. வீட்டில் சத்தத்தைக் குறைக்கக் கருவியின் வாயில் செருகும் பயிற்சி ம்யூட் போடுபவரானால் அதையும் கழற்றுங்கள், அது எதிரழுத்தத்தைக் கூட்டும். பிறகு வாரத்துக்குச் சில நிமிடங்களாக நேரத்தைக் கூட்டலாம்.

குறையவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கருவியோடு போங்கள். மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டு, நீங்கள் ஊதும்போதே பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். சிறுவயதில் மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையை எடுத்திருந்தாலோ, உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தாலோ அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டிராம்போன் பயிற்சி முடிந்ததும் காதுக்கு முன்னால் கன்னம் வீங்குகிறது. ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. பொன்னுக்கு வீங்கியா?

பதில்: பொன்னுக்கு வீங்கி இப்படி ஒரு மணி நேரத்தில் வடியாது. வீங்கிய இடத்தை அழுத்தும்போது நறநறவென்று நொறுங்குவது போல இருந்தால், உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் காற்று புகுந்திருக்கிறது. அதன் குழாய் மேல்வரிசை இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. கன்னத்தை உப்பி ஊதினால் தசை விரிந்து, குழாயின் அந்தத் திறப்பைக் காக்கும் பிடி தளர்கிறது.

காதிலிருந்து வாயை நோக்கி விரலால் மெதுவாக நீவுங்கள். நுரை கலந்த உமிழ்நீர் வெளியேறும். உண்மையான மருந்து, கன்னம் உப்பாமல் ஊதப் பழகுவதே. கண்ணாடி முன்னால் மெல்லிய ஒலியில் தொடங்குங்கள். உப்பும் ஒலியளவு எதுவோ, அதற்குக் கீழேயே சில நாள் இருங்கள். காய்ச்சல், சிவப்பு, சீழ் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். நொறுங்கும் உணர்வு கழுத்துக்கு இறங்கினால் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: மவுத்பீஸ் படும் இடத்தில் மட்டும் உதட்டைச் சுற்றி வட்டமாக அரிப்பு.

பதில்: வெள்ளி முலாம் தேய்ந்து அடி உலோகம் வெளிப்பட்டிருக்கலாம், நிக்கல் ஒவ்வாமையும் இருக்கலாம். பிளாஸ்டிக் விளிம்புள்ள மவுத்பீஸுக்கு மாறி மூன்று வாரம் பாருங்கள். அரிப்பு போய்விட்டால் பழையதற்கு மறுபடி முலாம் பூசுங்கள். போகவில்லையென்றால் தோல் மருத்துவர் முதுகில் 48 மணி நேரம் ஒட்டிவைக்கும் பட்டை சோதனை காரணத்தைக் காட்டும். உதட்டுத் தைலமும் குற்றவாளியாக இருக்கலாம், அதையும் எடுத்துப்போங்கள்.