இலங்கையின் வன்னிச் சிற்றூர்களில் சனசமூக நிலையத்தை (பேப்பர் வாசிக்கவும் ஊர் விசயம் பேசவும் கூடும் பொது இடம்) நடத்துவது யார்? தலைவருக்குச் சம்பளம் உண்டா?

சம்பளம் இல்லை. பிரதேச சபைக்கு (அந்தப் பகுதி உள்ளூராட்சி மன்றம்) போய்வரும் பெற்றோல் காசுகூடப் பெரும்பாலும் சொந்தக் காசுதான். பொதுக்கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளரை ஊரவரே தெரிவுசெய்வார்கள். நிலையத்தின் பதிவு உள்ளூராட்சிப் பக்கம். கிராம அபிவிருத்திச் சங்கம் வேறு அமைப்பு. (ஆட்கள் பலவேளை அதே ஆட்கள்தான், அது வேறு கதை.)

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் 2009இல் போர் முடிந்தபிறகு சனம் மீள்குடியேறியபோது பல ஊர்களில் கட்டடமும் இல்லை, பழைய கூட்டறிக்கைப் புத்தகமும் இல்லை. மரத்தடியில் கூடி, புதுக் கொப்பியில் பெயர் எழுதித்தான் திரும்பத் தொடங்கினார்கள். அப்போது தலைவரின் முக்கிய வேலை கடிதம் எழுதுவது: கிணறு இறைக்க, வீதி திருத்த, முன்பள்ளி ரீச்சருக்கு ஏதும் கொடுப்பனவு கேட்க.

என்னைக் கேட்டால் தலைவரைவிடச் செயலாளரே முக்கியம். நிலையத்தின் திறப்பு (சாவி) அவரிடம். காலையில் பேப்பர் வந்ததா என்று பார்ப்பதும், சிரமதானத்துக்கு (ஊர்கூடிச் சம்பளமின்றிச் செய்யும் வேலை) வராதவரை நக்கலடித்தே மண்வெட்டியோடு வரவைப்பதும் அவர்தான். விளையாட்டுக் கழகப் பொடியளையும் நிர்வாகத்துக்குள் எடுத்தால் அவருக்குப் பாதி வேலை குறையும்.

உங்கள் ஊரில் நிலையம் பூட்டிக் கிடந்தால், பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பிரதேச சபையில் விசாரியுங்கள்.