1200 மீட்டர் ரேஸில் குதிரைகளை எப்படி எடைபோடுவது? ரேட்டிங் அதிகமுள்ள குதிரையை எடுத்தால் போதாதா?

போதாது. ரேட்டிங் என்பது, குதிரைகளின் திறனை எண்ணாக மதிப்பிட்டு எடையைத் தீர்மானிக்கும் அதிகாரியான ஹேண்டிகேப்பர் உங்களுக்கு முன்பே பார்த்து, பவுண்டுக் கணக்கில் குதிரையின் முதுகில் ஏற்றிவிட்ட சங்கதி. ஹாங்காங்கில் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு ஒரு பவுண்டு. 60 ரேட்டிங் உள்ளது 135 பவுண்டு சுமந்தால், 45 ரேட்டிங் உள்ளது அதே ரேஸில் 120 சுமக்கும். இரண்டும் ஒன்றாக வந்து கோட்டைத் தொட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. அதையே திரும்பப் பார்த்துவிட்டு "இதுதான் பெரிய குதிரை" என்று பணம் கட்டினால் என்ன லாபம்?

நான் இருப்பது சிங்கப்பூரில். இங்குள்ள கிராஞ்சி மைதானத்தில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசி ரேஸ் ஓடி முடிந்த பிறகு, எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சம் இருப்பது வெளியூர் ரேஸ்தான். நான் பார்ப்பது பெரும்பாலும் ஹாங்காங், அதனால் பதிலும் அதை வைத்துத்தான். இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு குதிரையும் எந்த 400 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடியது, எந்த இடத்தில் ஓடியது, டிரையல் (ஒத்திகை ஓட்டம்) வீடியோ, உடல் எடை, மருத்துவப் பதிவு என்று எல்லாவற்றையும் அங்கே காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். படிக்கத்தான் ஆளில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஹாங்காங்கின் ஷா டின் மைதானத்தில் நான்காம் வகுப்புக் குதிரைகள் (ரேட்டிங்படி பிரித்த வகுப்புகளில் ஒன்று) 1200 மீட்டரை ஒரு நிமிடம் ஒன்பது, பத்து விநாடிகளில் முடித்துவிடும். ஒரு விநாடிக்கு சுமார் ஆறு லெங்த் (ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் நீளம்). புறப்படும் கேட் திறக்கும்போது அரை விநாடி தடுமாறினால் மூன்று லெங்த் போச்சு. 2000 மீட்டரில் ஜாக்கி அதைப் பதறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவார், இங்கே அதற்கு நேரமே கிடையாது. அதனால் ஸ்பிரிண்டில், அதாவது குறுந்தூர ரேஸில், நான் முதலில் கேட்கும் கேள்வி எது நல்ல குதிரை என்பதல்ல, முதல் 400 மீட்டர் முடியும்போது யார் யார் எங்கே இருப்பார்கள் என்பதுதான். அதற்கு விடை கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும். ஒவ்வொரு குதிரையின் கடைசி நான்கைந்து ஓட்டங்களை எடுத்து, எந்தக் கேட்டிலிருந்து புறப்பட்டது, முதல் பிரிவில் (முதல் 400 மீட்டரில்) எத்தனையாவது இடம், அந்தப் பிரிவை எத்தனை விநாடியில் கடந்தது என்று எழுதுங்கள். இடத்தை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். போன ரேஸில் முதலாவதாகப் போனது என்று ஒரு குதிரையைச் சொல்வார்கள், அது 24.2 விநாடியில் போயிருக்கும், யாரும் சவாலே கொடுத்திருக்க மாட்டார்கள். அதே தூரத்தில் இன்னொரு குதிரை வேறொரு ரேஸில் ஐந்தாவதாக இருந்திருக்கும், ஆனால் 23.5இல் கடந்திருக்கும். இரண்டும் ஒரே ரேஸில் வந்தால் முன்னால் போகப்போவது இரண்டாவதுதான். ஃபார்ம் புத்தகத்தைப் புரட்டினால் முதலாவது "முன்னோடி", இரண்டாவது "நடுவில் ஓடுவது" என்றிருக்கும். (தடமும் வகுப்பும் வேறாக இருந்தால் இந்த விநாடிகளை அப்படியே ஒப்பிடாதீர்கள். ஷா டின் நேரம் வேறு, ஹாங்காங்கின் இன்னொரு மைதானமான ஹேப்பி வேலி நேரம் வேறு, ஈரத் தரை என்றால் மொத்தமும் வேறு.)

அப்புறம் எத்தனை குதிரைகள் முன்னால் போக விரும்புகின்றன என்று எண்ணுங்கள். ஒன்றே ஒன்று என்றால் அதற்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கூடுதல் மதிப்பெண் போடுவேன், அதன் ரேட்டிங் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சரி. தனியாகப் போகும் முன்னோடி நடு 400இல் மூச்சு வாங்கிக்கொள்ளும், பின்னால் வருபவை அதைப் பிடிக்க வளைவிலேயே விரட்ட வேண்டியிருக்கும். நான்கு குதிரைகள் முன்னால் போகத் துடித்தால் கதை வேறு. அவற்றுக்குப் பின்னால் ரெயிலை (தடத்தின் ஓர வேலியை) ஒட்டி நான்காவது, ஐந்தாவது இடத்தில் ஒளிந்துகொண்டு வரக்கூடியது எது என்று தேடுங்கள்.

புதன்கிழமை இரவு ஹேப்பி வேலி 1200ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 12 குதிரைகள், இறுக்கமான வளைவுகள், கடைசி நேர்ப்பாதை 300 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஷா டின்னில் 430 மீட்டர். கேட் எண் சிறியதாக இருந்தால் உள்பக்க ரெயிலுக்கு அருகில் என்று பொருள். இரண்டாம் கேட்டில் ஒரு வேகக் குதிரை, ஒன்பதாம் கேட்டில் இன்னொரு வேகக் குதிரை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் கேட் ஜாக்கிக்கு இருப்பது மூன்று வழி. விரட்டிக் குறுக்கே போய் ரெயிலைப் பிடிக்கலாம், கடைசி 100 மீட்டரில் அதற்கு விலை கொடுப்பார். இழுத்துப் பிடித்துப் பின்னால் போகலாம், அந்தக் குதிரைக்கு அது பிடிக்காது. இல்லையென்றால் வெளியே மூன்றாவது வரிசையில், முன்னால் மறைப்புக்கு ஒரு குதிரைகூட இல்லாமல் காற்றை வாங்கிக்கொண்டு வளைவைச் சுற்றலாம். அரைவட்ட வளைவில் ஒரு வரிசை வெளியே தள்ளிப் போனால் மூன்று, நான்கு மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், அதாவது ஒரு லெங்த்துக்கும் மேல். மூன்றாவது வரிசை என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. இந்த வகுப்பில் ரேஸ்கள் ஒரு லெங்த், அரை லெங்த்தில்தான் முடிகின்றன. இதே ஒன்பதாம் கேட் குதிரை அடுத்த முறை இரண்டாம் கேட்டுக்கு வரும்போது, "போன தடவை எட்டாவதாக வந்த கழுதை" என்று ஊரே ஒதுக்கிவிட்டிருக்கும். நான் காத்திருப்பது அந்த நாளுக்குத்தான்.

ஆனால் உள்கேட்தான் எங்கும் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஷா டின் 1000 மீட்டர் வளைவே இல்லாத நேர்ப்பாதை. அங்கே பார்வையாளர் பக்க ரெயிலை ஒட்டி ஓடுவதுதான் வசதி, அதனால் பெரிய கேட் எண்களுக்குத்தான் மவுசு. 14 குதிரை ஓடும் ரேஸில் 1, 2 கேட் கிடைத்தால் அங்கே அழ வேண்டும். வளைவு ரேஸ்களில் வெளிக்கேட்டில் அடிபட்ட குதிரையை இந்த 1000இல் வெளிக்கேட்டில் பார்த்தால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அடுத்தது தூரம். சைலன்ட் விட்னஸ் என்ற ஹாங்காங் குதிரை தொடர்ந்து 17 ரேஸ் ஜெயித்தது, பெரும்பாலும் குறுந்தூரம். 2005இல் அதை 1600 மீட்டரில் இறக்கினார்கள், புல்லிஷ் லக்கிடம் மயிரிழையில் தோற்றது. இதிலிருந்து ஸ்பிரிண்டர் மைல் ஓடாது என்ற பாடத்தை எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு உதவுவது இதன் மறுபக்கம்: 1400, 1600இல் நன்றாக ஓடிய குதிரை 1200க்கு இறங்கும்போது ஜனம் அதை ரொம்பவே நம்பிவிடுகிறது. "கடைசியில் பறந்து வந்தது, பார்த்தீர்களா" என்பார்கள். பறந்து வந்தது உண்மைதான், முதல் 800 மீட்டர் ஊர்ந்து போன ரேஸில். 1200இல் முதல் 400ஐ மற்றவை ஒரு விநாடி வேகமாகக் கடக்கும்போது இது கடைசி வரிசையில் திணறிக்கொண்டிருக்கும், அதன் பிறகு கடைசி 400ஐ 22.5இல் ஓடினாலும் ஐந்தாவது இடம்தான். ரீப்ளே பார்க்க அழகாக இருக்கும், அடுத்த வாரமும் அதற்கே பணம் கட்டுவார்கள்.

எடையைப் பற்றி நிறைய பேசுகிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2 பவுண்டு, 3 பவுண்டு வித்தியாசத்துக்கெல்லாம் கணக்குப் போட்டு நேரத்தை வீணடிக்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு, புதியவர் என்பதால் எடையில் 10 பவுண்டு வரை சலுகை பெறும் பயிற்சி ஜாக்கி, உள்கேட், முன்னால் ஓடும் குதிரை, இந்த மூன்றும் சேரும்போது. கூட்டத்துக்குள் புகுந்து வழி கண்டுபிடிக்கும் வேலை அந்தப் பையனுக்கு இல்லை, பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

ரேஸ் கார்டில் குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் வரும் சின்னக் குறிகளையும் விடாதீர்கள். பி1 என்றால் முதல்முறையாகக் கண்மறைப்பு போடுகிறார்கள் என்று அர்த்தம். சோம்பலாகப் புறப்படும் குதிரை இதைப் போட்டவுடன் திடீரென்று முன்னால் பாய வாய்ப்புண்டு, அப்படியானால் நீங்கள் தாளில் போட்ட வரைபடமே மாறிவிடும். இந்த மாதிரிக் குதிரைக்கு டிரையல் வீடியோவைத் தேடிப் பாருங்கள். நேரத்தைப் பார்க்காதீர்கள், ஜாக்கியின் கைகளைப் பாருங்கள். கை அசையாமல், கடிவாளம் இறுக்கமாக, குதிரை தானாக இழுத்துக்கொண்டு வந்து இரண்டாவதாக முடித்திருந்தால், சாட்டையைக் காட்டித் தள்ளித்தள்ளி முதலாவதாக வந்ததைவிட அது மேல். உடல் எடையும் அறிவிக்கிறார்கள். 1100 பவுண்டுக் குதிரை ஒரே மாதத்தில் 25 பவுண்டு ஏறியோ இறங்கியோ வந்தால் காரணம் தெரியாமல் நான் தொடமாட்டேன். பேடாக்கில் (ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் இடத்தில்) துள்ளுவது ஸ்பிரிண்டருக்கு சகஜம், பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளை நுரை தள்ளினால்தான் பயப்பட வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் விலைப்பலகையைத் திறப்பேன் (ஒரு டாலர் கட்டிய குதிரை ஜெயித்தால் எத்தனை டாலர் திரும்பும் என்பதுதான் விலை). முன்பே பார்த்தால் மனசு ஃபேவரிட், அதாவது அதிகப் பணம் குவிந்த குதிரை, பக்கம் சாய்ந்து, அதற்கு ஏற்ற காரணங்களைத் தானே தேட ஆரம்பித்துவிடும். ஹாங்காங்கில் எது ஜெயிக்கும் என்று எல்லோரும் கட்டும் பணம் சேரும் வின் தொகுப்பிலிருந்து 17.5 சதவீதத்தை முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள். எல்லாக் குதிரைகளின் விலையையும் சதவீத வாய்ப்பாக மாற்றி (100ஐ விலையால் வகுத்து) கூட்டினால் 100 வராது, சுமார் 121 வரும். அந்த 21ஐத் தாண்டினால்தான் நமக்கு ஏதாவது மிஞ்சும். ஆகவே என் கணக்கில் நான்கில் ஒரு வாய்ப்புள்ள குதிரைக்குப் பலகையில் குறைந்தது 5 இருக்க வேண்டும், 3.8க்கு வந்துவிட்டால் அது ஜெயித்தாலும் எனக்குக் கவலையில்லை. பெயர் பெற்ற ஜாக்கிகள் ஏறினால் விலை தானாக இறங்கும். ஸாக் பர்ட்டன் 2022-23 சீசனில் 179 ரேஸ் ஜெயித்தவர், திறமையில் சந்தேகமே இல்லை, ஆனால் அது ஹாங்காங்கில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் பிரச்சினை.

பலகையை முட்டாள்களின் கருத்து என்றும் தள்ளிவிடாதீர்கள். ஹாங்காங்கில் கணினி வைத்துக் கோடிக்கணக்கில் சம்பாதித்த பில் பென்டர்கூடத் தன் கணக்கை மட்டும் நம்பவில்லை, பலகை விலையையும் அதோடு கலந்துதான் இறுதி வாய்ப்பைக் கணித்தார். உங்கள் தாளில் நான்கில் ஒன்று என்றிருப்பது பலகையில் 30 என்று இருந்தால், நீங்கள் பார்க்காத எதையோ மற்றவர்கள் பார்த்திருக்கிறார்கள். மருத்துவப் பதிவைத் திறந்து பாருங்கள்.

இந்தியாவிலிருந்து கேட்கிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு இன்னும் கசக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் குதிரைப் பந்தயத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அதுவும் கட்டும் தொகைக்கே. அந்தச் சுவரைத் தாண்டும் அளவுக்கு ஒருவர் குதிரைகளை எடைபோட முடியும் என்று நான் நம்பவில்லை. பொழுதுபோக்குக்காகச் சின்னத் தொகை கட்டுவது என்றால் உங்கள் இஷ்டம்.

பணம் கட்டும் முறைக்கு ஒரே ஒரு விஷயம். கணினி வைத்துக் கட்டும் குழுக்கள் கடைசி நொடிகளில் பணத்தைக் கொட்டுவதால், நீங்கள் 6 என்று பார்த்துக் கட்டியது குதிரைகள் ஓட ஆரம்பித்த பிறகு 4.6 ஆகியிருக்கலாம். நான் குறித்துவைத்த விலைக்கு மேல் கொஞ்சம் இடம் இருந்தால் மட்டும், குதிரைகள் கேட்டுக்குள் நுழையும் நேரத்தில் கட்டுவேன். தனியாக முன்னால் போகப்போகும் குதிரை என்றால் வின் மட்டும். முன்னால் அடிதடி நடக்கும் ரேஸில் பின்னாலிருந்து வரும் குதிரை என்றால் பிளேஸ் எடுப்பேன், ஏழு குதிரைகளோ அதற்கு மேலோ ஓடினால் முதல் மூன்று இடத்துக்கும் பணம் உண்டு, வழி கிடைக்காமல் அரை விநாடி மாட்டிக்கொண்டாலும் மூன்றாவதாகவாவது வந்து சேரும்.